நீல விளக்கில் போட்ட வளையங்கள்

எங்கள் வீட்டில் பல் துலக்கும் பிரஷ் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பிளாஸ்டிக் வளையம் கிடக்கும். கோழியின் காலில் மாட்டுகிற வளையம். அண்ணனுக்கு நீலம், எனக்கு வெள்ளை, அண்ணிக்கு ஆரஞ்சு. பிரஷ்ஷோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். குடைப்பிடி, போன் சார்ஜர், சாவிக்கொத்து, அண்ணனின் மூக்குக்கண்ணாடி என்று வீடு முழுக்க வளையம்தான். "என் காலை மட்டும் விட்டு வச்சிருக்கா, அதுக்கே நன்றி சொல்லணும்" என்பார் அண்ணன். பஸ் ஓட்டுகிறவர், பொறுமைசாலி. நான் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். சாப்பாடும் சண்டையும் கீழே அவர்களோடு.

நாத்தனார் அண்ணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் குறை சொல்லத்தான் என்று நினைப்பீர்கள். குறையும் சொல்வேன், எனக்கென்ன பயம்? ஆனால் போன வருஷம் அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

அண்ணி ஒரு கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் கோழிக்கொட்டகை ஊழியர். கல்யாணமான இரண்டாம் வருஷம், கூட்டிப் பெருக்கும் தினக்கூலியாகப் போனார். முதல் நாளே ஒரு சேவல் முழங்காலில் கொத்திவிட்டது. ரத்தத்தோடு வீட்டுக்கு வந்து, "செத்தாலும் இனிமே அங்க போக மாட்டேன்" என்று அழுதார். மறுநாள் காலையில் பார்த்தால் எல்லோருக்கும் முன்னால் கிளம்பி நிற்கிறார். என்னவென்று கேட்டதற்கு, "அந்தச் சேவலுக்கு இடது கண்ணு தெரியல. அதான் பயந்து கொத்துது. அங்க ஒருத்தரும் அதைக் கவனிக்கல. நான் போய்ச் சொல்லலன்னா யார் சொல்வா?" என்றார். அதுதான் என் அண்ணி. பார்த்ததைச் சொல்லாமல் வைத்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அதே நிலையத்தில்தான் எனக்கும் வேலை. இறந்த கோழியின் உறுப்புகளை மெழுகில் பதித்து, மூச்சு விட்டால் பறக்கிற மெலிசில் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவேன். அண்ணி கோழியை உயிரோடு பார்ப்பார், நான் பிறகு பார்ப்பேன். ஒருவர் வேலை இன்னொருவருக்கு அவ்வளவாகப் புரியாது. அதனால்தான் வீட்டில் நிம்மதியாகப் பேச முடிகிறது.

எந்தக் கோழி எந்தச் சோதனையைச் சேர்ந்தது என்று காட்டுவதற்குக் காலில் நிற வளையம் போடுவார்கள். அந்த வேலை அண்ணியுடையது. பதினெட்டு வருஷத்தில் ஒரு வளையம் மாறியதில்லை. ஐந்து துறைத்தலைவர்கள் வந்து போய்விட்டார்கள். ஐந்து பேருக்கும் அண்ணியின் பெயரைவிட 'வளையக்காரம்மா' என்ற பட்டம்தான் தெரியும். முடிவில் ஏதாவது இசகுபிசகாக வந்தால், "வளையக்காரம்மா போட்டதா? அப்போ வளையத்துல தப்பு இருக்காது. வேற எங்கயாவது தேடுங்க" என்பார்கள். இதைச் சொல்லிச் சொல்லியே அண்ணிக்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டார்கள். வீட்டில் அனுபவித்தவள் நான்.

போன வருஷம் ஒரு புது டாக்டர் வந்தார். கையில் ஒரு டப்பா நிறையப் பச்சைத்தூள். சுருள்பாசி. குளத்து நீரில் வளர்கிற பாசியைத் தொட்டியில் வளர்த்து, காயவைத்துப் பொடித்தது. வந்த அன்றே 'பாசி டாக்டர்' ஆகிவிட்டார். கோழிகளுக்குத் தொற்று வந்தால் போடுகிற ஓர் ஊசி மருந்து உண்டு. தொற்று போய்விடும். ஆனால் மருந்தின் அளவும் நாளும் கொஞ்சம் கூடினால் சிறுநீரகம் கெட்டுவிடும். வெளியேற வேண்டிய உப்பு உள்ளேயே தங்கி, கோழியை அறுத்துப் பார்த்தால் ஈரலுக்கும் இதயத்துக்கும் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாக இருக்கும். அவர் முன்பு ஒரு பண்ணையில் வேலை பார்த்தபோது, தன் கையால் ஊசி போட்ட கொட்டகை ஒன்று ஒரே வாரத்தில் காலியாகிவிட்டதாம். "தொற்றுல சாகல அக்கா. நான் போட்ட மருந்துல செத்துச்சு" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். தீவனத்தோடு பாசியைக் கொடுத்தால் சிறுநீரகம் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி.

நான்கு கொட்டில்கள், கொட்டிலுக்குப் பன்னிரண்டு கோழிகள். முதல் கொட்டிலுக்கு வெறும் தீவனம். இரண்டாவதற்குப் பாசி கலந்த தீவனம். மூன்றாவதற்கு வெறும் தீவனமும் ஊசியும். நான்காவதற்குப் பாசித் தீவனமும் ஊசியும். ஐந்து வாரம் நடந்தது. பாசி தின்ற கோழிகளின் அலகு, எச்சம் எல்லாம் பச்சை. அதைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று கடைசி இரண்டு நாள் எல்லோருக்கும் வெறும் தீவனம். கடைசி நாள் மதியம் வளையம் போட்டு, கூடைகளில் கலந்து ஏற்றி, அறுத்துப் பார்க்கும் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த நிறம் எந்தக் கொட்டில் என்ற சீட்டு, ஒட்டிய உறைக்குள் துறைத்தலைவர் அலமாரியில் இருக்கும். ஸ்லைடைப் பார்க்கிறவர்களுக்கு நிறம் மட்டும்தான் தெரியும்.

அன்று மாலை அண்ணி வீட்டுக்கு வந்த தோரணையைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஒரு இறகு கூட விழல, தெரியுமா? நான் சொல்லி வாங்கின புது நீல விளக்குதான் காரணம். நீல வெளிச்சத்துல கோழிக்குக் கண்ணு சரியாத் தெரியாது, அப்படியே உட்கார்ந்திருக்கும். திரைய இறக்கிட்டு விளக்கப் போட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் எகிறிக் குதிச்சுது. அதையும் ரெண்டே எட்டுல புடிச்சிட்டேன். நாப்பத்தெட்டு கோழி, ஒரு மணி நேரம்!"

"கின்னஸ்ல எழுதச் சொல்லவா அண்ணி?" என்றேன்.

"உனக்குப் பொறாமை" என்றார். உண்மைதான்.

பத்து நாள் கழித்து ஸ்லைடுகள் தயாராயின. வெள்ளை வளையம், பச்சை வளையம் இரண்டும் ஒரு வம்பும் இல்லாமல் ஒழுங்காக இருந்தன. ஆரஞ்சு வளையத்துச் சிறுநீரகங்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது. குழாய்களின் சுவர் உதிர்ந்து, உள்ளே குப்பை அடைத்துக் கிடந்தது. பிறகு சிவப்பு வளையத்தை வைத்தேன். குழாய்கள் வட்டம் வட்டமாக, இளஞ்சிவப்பு நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஓரிரு இடத்தில்தான் சேதம். "டாக்டர்! ஓடி வாங்க!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் யாரோ குடுவையைப் போட்டு உடைத்தார்கள். பாசி டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஊசி போட்ட இரண்டு கூட்டத்தில் ஒன்று கெட்டிருக்கிறது, ஒன்று பிழைத்திருக்கிறது. சிவப்புதான் பாசி தின்ற கூட்டம் என்று நாங்கள் இருவருமே முடிவு கட்டிவிட்டோம்.

மறுநாள் துறைத்தலைவர் உறையைப் பிரித்தார். சிவப்பு மூன்றாவது கொட்டில். பாசி தின்னாதவை. ஆரஞ்சு நான்காவது. பாசி தின்றவை.

பாசி டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. பாசி காப்பாற்றவில்லை என்பது மட்டுமா? பாசி தின்றவைதான் மோசமாகக் கெட்டிருக்கின்றன. தயங்கித் தயங்கி அண்ணியிடம் கேட்டார். "அக்கா, வளையம் எங்கயாவது...?"

அண்ணிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "பதினெட்டு வருஷமா நான் போட்ட ஒரு வளையம் மாறினதா யாராவது சொன்னதுண்டா டாக்டர்? உங்க பாசி சரியில்லன்னா என் கையக் குத்தம் சொல்லாதீங்க!"

துறைத்தலைவரும் தலையாட்டினார். வளையக்காரம்மா போட்டது ஆயிற்றே. அறிக்கை தயாரானது. ஊசி போடும் கோழிகளுக்குச் சுருள்பாசி கொடுக்க வேண்டாம், சிறுநீரகம் மேலும் கெடும் என்று எழுதினார்கள். கையெழுத்தானால் அது துண்டறிக்கையாகப் பண்ணை பண்ணையாகப் போகும். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் குழு கூடுவதாக ஏற்பாடு.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறுத்த கோழியின் வளையம் போட்ட காலை மட்டும் வெட்டி, பையில் போட்டு உறைபெட்டியில் வைத்திருப்பார்கள். அறிக்கை கையெழுத்தாகிற நாளில் எடுத்து எரித்துவிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை பத்தரைக்கு உறைபெட்டியைக் காலி செய்யப் போனவர் அண்ணி. பத்து முப்பத்தைந்துக்கு என் அறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது.

"ஏம்மா, இதப் பாரு!" கையில் ஒரு கோழிக்கால். பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி! என் ஸ்லைடு மேல ஒழுகுது!"

"ஸ்லைடு கிடக்கட்டும். இது என்ன நிறம்?"

"சிவப்பு."

"வளையத்த யார் கேட்டா? காலு! காலு என்ன நிறம்?"

பார்த்தேன். நல்ல மஞ்சள். கோட்டுப் பையிலிருந்து இன்னொரு காலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஆரஞ்சு வளையம் போட்டது. அதுவும் மஞ்சள்தான், ஆனால் வெளிறிப்போன மஞ்சள்.

"பாசி தின்னா காலுல மஞ்சள் இப்படி ஏறும். நாலாம் கொட்டில்ல அஞ்சு வாரமா தினம் குனிஞ்சு தண்ணித் தட்டு மாத்தினவ நான். எனக்கு அந்தக் காலு தெரியாதா? சிவப்பு வளையம் மூணாம் கொட்டிலுக்கு. மூணாம் கொட்டில் கோழிக்கு இந்தக் காலே கிடையாது. அப்படின்னா..."

பாதியில் நிறுத்திவிட்டார். அப்படின்னா என்ன என்பது அவருக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. என் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டு மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இடது கையில சிவப்பு, வலது கையில ஆரஞ்சு. கயித்துல கோத்து மாட்டியிருந்தேன். மூணாம் கொட்டில்ல முதல் கோழியே எகிறுச்சு பாரு, அதைப் புடிக்க ரெண்டு கயித்தையும் கழட்டி ஆணியில மாட்டினேன். திரும்ப எடுத்து மாட்டிக்கிட்டேன். நீல வெளிச்சத்துல..." இரண்டு கையையும் குறுக்கே மாற்றிக் காட்டினார். "மாத்தி மாட்டியிருக்கேன்."

அடுத்து நான் சொன்னதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். "அண்ணி, இது யாருக்கும் தெரியாது. கால்களையெல்லாம் எரிச்சிட்டா அதோட போச்சு. பதினெட்டு வருஷப் பேரு உங்களுக்கு. எதுக்கு வம்பு?"

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். நாத்தனாராக இருந்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வை நான் வாங்கியதில்லை.

"அப்போ பாசி வேண்டாம்னு ஊரெல்லாம் சொல்லிடுவாங்க. காப்பாத்துற பொருள கெடுதல்னு சொல்ல வச்சது நான்னு எனக்கு மட்டும் தெரியும். அப்புறம் நான் எப்படிக் கொட்டகைக்குள்ள கால் வைக்கிறது?"

அடுத்த நிமிஷம் இரண்டு கால்களையும் பொறுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். நாற்பத்தாறு வயது, முட்டிவலி வேறு. நீளமான வராந்தாவில் அவர் முன்னே ஓட, உறைபெட்டிப் பைகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னே ஓட, எதிரே வந்த டீக்காரர் தட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்.

குழு அறையில் பாசி டாக்டர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். அண்ணி அறிக்கையின் மேலேயே கால்களை வைத்தார். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னார்.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "வளையக்காரம்மா, தப்பே இல்லன்னு சத்தம் போட்டது நீங்கதானே?"

"ஆமா சார். தப்பு இல்லன்னு சொன்னதும் நான்தான். இப்போ தப்புன்னு சொல்றதும் நான்தான். முதல்ல சொன்னத விட்டுடுங்க."

"கண்ணால பார்த்த நிறத்த வச்சு எப்படிம்மா?"

"என் கண்ண நம்ப வேணாம் சார். முட்டைப் பிரிவுல விசிறி இருக்கு."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. முட்டைப் பிரிவில் மஞ்சள் கருவின் நிறத்தை அளக்க ஒரு பிளாஸ்டிக் விசிறி உண்டு. வெளிர்மஞ்சள் ஒன்று, அங்கிருந்து ஏறி ஏறி அடர்நிறம் பதினைந்து வரை. இருபத்துநான்கு கால்களின் வளையத்தையும் டேப் சுற்றி மறைத்து, மேலே எண் எழுதினேன். முட்டைப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டோம். அவருக்கு இந்தச் சோதனையைப் பற்றி ஒன்றும் தெரியாது. "முட்டை எங்க?" என்று கேட்டார். "இன்னிக்குக் காலு. நம்பர மட்டும் சொல்லுங்க" என்றார் துறைத்தலைவர்.

ஒவ்வொரு காலாக விசிறியை வைத்துப் பார்த்தார். பதினொன்று. ஏழு. ஏழு. பன்னிரண்டு. ஆறு. பதினொன்று. இருபத்துநான்கும் முடிந்ததும் டேப்பைப் பிரித்தோம். சிவப்பு பன்னிரண்டும் பத்துக்கு மேல். ஆரஞ்சு பன்னிரண்டும் எட்டுக்குக் கீழ். ஒன்றுகூடத் தப்பவில்லை!

பாசி டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கொட்டகைக்குப் போவோம்" என்றார். குழு மொத்தமும் கிளம்பியது. பட்டப்பகலில் திரையை இறக்கி, நீல விளக்கைப் போட்டு, அண்ணி கையில் ஒரு சிவப்பு வளையத்தையும் ஓர் ஆரஞ்சு வளையத்தையும் கொடுத்தார்கள். உள்ளங்கையில் இரண்டு கறுப்பு வளையங்கள் கிடந்தன. எது எது என்று துறைத்தலைவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், இரண்டு முறையும் தப்பு. பாசி டாக்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அந்த நல்ல சிறுநீரகம்! நீங்க கத்தினீங்களே, அது பாசி தின்ன கோழியோடது! அப்பவே சரியாத்தான் கத்தியிருக்கீங்க!" இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அந்த மனிதருக்கு ஆயுளுக்கும் ஸ்லைடு சீவிக் கொடுப்பேன்.

துறைத்தலைவர் மட்டும் உடனே குளிரவில்லை. "நிறத்தைத் திருப்பிப் போட்டு ஜெயிச்சிட்டோம்னு எழுத முடியாது. நடந்தத நடந்தபடி எழுதுங்க. சோதனையத் திரும்பச் செய்யுங்க" என்றார். அதற்குத்தான் அனுமதி. பாசி டாக்டருக்கு அதுவே வயிற்றில் பாலை வார்த்தது.

அண்ணி மட்டும் ஒதுங்கி நின்றார். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்தார். பிரஷ், குடை, சார்ஜர், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலிருந்தும் வளையங்களை வெட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடினார். "எனக்கே என் வளையத்து மேல நம்பிக்கை இல்ல" என்றார். நானும் அண்ணனும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தோம். காதில் வாங்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய தலைக்கனத்தைப் பற்றி எவ்வளவு பேசியிருப்பேன்! அது இல்லாத அண்ணியைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த வாரமே அண்ணன் என் பிரஷ்ஷில் பல் துலக்கிவிட்டார். அதற்கும் அண்ணி சிரிக்கவில்லை.

இரண்டாவது சோதனைக்கு வேறு யாராவது வளையம் போடட்டும் என்று பாசி டாக்டரிடம் போய் நின்றிருக்கிறார். அவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "தப்பு பண்ணாத ஆளுங்கள நான் நம்புறதில்ல அக்கா. பண்ணினா வந்து சொல்ற ஆளு எனக்கு வேணும். நீங்கதான் போடணும்."

போட்டார். திரையை ஏற்றி, வெயிலில், எண் பொறித்த வளையங்களை. பக்கத்தில் என்னை நிற்கவைத்து, ஒவ்வொன்றையும் நான் உரக்கப் படித்த பிறகுதான் அடுத்த கோழி. இறகுகள் பறந்தன, நான் தும்மித் தும்மிச் செத்தேன். எண்கள் எனக்குத் தெரிந்துவிட்டதால் ஸ்லைடுகளுக்குத் துறைத்தலைவர் வேறு குறி போட்டு, அந்தச் சீட்டை உறைக்குள் ஒட்டிவைத்தார். நீல விளக்கின் சுவிட்சுக்கு மேல் ஓர் அட்டை தொங்கியது. 'இந்த வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றே. நான் ஏமாந்தேன்' என்று எழுதி, கீழே தன் முழுப்பெயரைக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஸ்லைடுகள் தயாராயின. ஊசி போட்ட இரண்டு கூட்டத்தில் ஒன்று கெட்டிருந்தது, ஒன்று நன்றாக இருந்தது. இந்த முறை நான் கத்தவில்லை, வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். உறையைப் பிரிக்கும்போது அண்ணியையும் அறைக்குள் கூப்பிட்டார்கள். கதவோரம் நின்றார். துறைத்தலைவர் சீட்டைப் படித்தார். கெட்டது மூன்றாவது கொட்டில். பிழைத்தது நான்காவது.

பாசி டாக்டர் கத்தினார். நானும் கத்தினேன். துறைத்தலைவர்கூட மேஜையைத் தட்டினார். அண்ணி நேராக என் மைக்ரோஸ்கோப்பிடம் வந்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் அதில் குனிந்து பார்த்ததே இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நாலாம் கொட்டிலா?"

"நாலுதான் அண்ணி. நாற்பத்தொண்ணாம் நம்பர்."

"அது சண்டைக்காரி. தண்ணித் தட்டக் கவுத்துக்கிட்டே இருக்கும்" என்றார். பிறகு, "நல்லாயிருக்கா உள்ள?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லாயிருக்கு அண்ணி."

நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கண்ணில் நீர் வருமா என்று என்னிடமே கேட்டார். வரும் என்றேன்.

மறுநாள் காலையில் நான் பல் துலக்கக் கீழே இறங்கினேன். என் பிரஷ்ஷின் கழுத்தில் வெள்ளை வளையம் கிடந்தது. கண்ணாடிக்கு மேலே புதிதாக ஒரு பல்பும் இருந்தது, நல்ல வெள்ளை வெளிச்சம். அண்ணன் தன் நீல வளையத்தை அந்த வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, பல் துலக்க ஆரம்பித்தார்.